அட்டை: நீலகிரியில் ஒரு சொல்லின் வரலாறு

அட்டை என்பது குருதியை உறிஞ்சி வாழும் ஒரு புழுவைக் குறிக்கும் தமிழ்ச் சொல். மண்புழு இடம்பெறும் வளைதசைப் புழுக்கள் தொகுதியில்தான் இதுவும் அடங்கும். உடலின் இரு முனைகளிலும் ஒட்டுறிஞ்சிகள் உண்டு. அட்டை என்றதும் சமவெளித் தமிழருக்குக் குளமும் மாடும் நாட்டு வைத்தியரும் நினைவுக்கு வருவர். கூடலூரிலோ பந்தலூரிலோ ஆடி மாதத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால், கேட்டவர் முதலில் குனிந்து தம் காலைப் பார்ப்பார். மருந்தாக இருந்த ஒரு சொல் தேயிலைத் தோட்டத்தில் காயமாகவும் வசையாகவும் ஆனது. அதே ஒலியுள்ள இன்னொரு சொல் அங்கேயே குடியுரிமைக்கான ஆவணத்தின் பெயராயிற்று. இது எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லும் சுற்றமும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம். கூடலூர்ச் சந்தையில் மூன்று மொழிகளையும் கேட்கலாம். மலையாளத்தில் இப்புழு 'அட்ட'. கன்னடத்தில் 'ஜிகணெ' என்பது நீரில் வாழ்வது. மலைநாட்டுக் காடுகளில் தரையில் ஊர்ந்து வருவதை 'இம்பள' என்பர். தெலுங்கில் 'ஜலக'. இது வடமொழி 'ஜலௌகா'வோடு தொடர்புடையது. நீரை உறைவிடமாகக் கொண்டது என்று அவ்வடமொழிச் சொல்லுக்கு விளக்கம் தருவர்.

தமிழில் 'அட்டை' என்ற ஒலி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று புழு, மற்றது புத்தகத்தின் மேலுறை, தடித்த தாள், அடையாளச் சீட்டு. அகராதிகளில் இரண்டும் தனிச் சொற்களாக இடம்பெறுவதே வழக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலையாளி 'அட்ட' என்றால் புழுவைச் சொல்கிறார். புத்தக உறை அவருக்குச் 'சட்ட'. தெலுங்கர் 'அட்ட' என்றால் தடித்த தாளைச் சொல்கிறார். இரு பக்கத்துப் பொருளையும் ஒரே ஒலியில் வைத்துக்கொண்டிருப்பது தமிழ்.

புழு என்ற பொருளிலும் இச்சொல் குருதி குடிப்பதை மட்டும் குறிக்கவில்லை. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டை யாரையும் கடிப்பதில்லை. அது பல கால்களை உடைய வேறோர் உயிரினம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் கடலட்டை நட்சத்திர மீனுக்கு உறவானது. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பதற்குத் தடை உள்ளது. இலங்கையின் வடக்கிலோ 'அட்டைப் பண்ணை' என்ற பெயரில் அதைக் கடலில் வளர்க்கிறார்கள். ஆகவே, மென்மையான, நீண்ட, சுருங்கி விரியும் உடல் என்ற தோற்றத்தை வைத்தே பெயர் பரவியிருக்கிறது என்று கொள்ளலாம். இரத்தம் பின்னால் வந்த சேதி.

'அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் அது குட்டையைத்தான் நாடும்' என்பது பழமொழி. இதைச் சொன்னவர் சமவெளிக்காரர் என்பதில் ஐயமில்லை. நீலகிரியின் அட்டை குட்டையை நாடுவதில்லை. அது ஆளை நாடி வருகிறது.

குளத்து அட்டை: மருந்து

இந்திய மருத்துவ நூல்களில் அட்டைக்கு மதிப்பான இடம் உண்டு. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 13ஆம் அத்தியாயம் முழுவதும் அட்டையைப் பற்றியது. அதில் 12 வகை அட்டைகள் கூறப்படுகின்றன: ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சற்றவை. எந்த நீரில் பிறந்தவை நல்லவை, பிடித்ததை எப்படிப் பானையில் வைத்து வளர்ப்பது, கடிக்க மறுத்தால் என்ன செய்வது, விடுவிக்க உப்பு எப்படி இடுவது என எல்லாம் அதில் உண்டு. தன்வந்திரியின் தியான சுலோகம் அவருடைய நான்கு கைகளில் சங்கு, சக்கரம், அமுத கலசம் ஆகியவற்றோடு அட்டையையும் வைக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் 'அட்டை விடல்' ஒன்று.

சுசுருதர் இம்முறையை யாருக்கென்று விதிக்கிறார் என்பது நம் கதைக்கு முக்கியமானது. அரசர், செல்வர், குழந்தைகள், முதியோர், அச்சமுள்ளோர், பெண்கள், மெல்லிய உடலினர் ஆகியோருக்கு, குருதி வாங்கும் முறைகளிலேயே மிக மென்மையானது இது என்கிறார். கத்தியைத் தாங்காதவர்களுக்கு அட்டை. இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு பின்னால் வரும் தோட்டக் கதையைப் படிக்க வேண்டும்.

ஆங்கிலத்திலும் ஏறத்தாழ இதே கதைதான். பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்பதன் முன்வடிவம் மருத்துவரைக் குறித்தது. பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய ஒரு மருத்துவச் சுவடிக்கே 'லீச் புத்தகம்' என்றுதான் பெயர். மருத்துவரும் புழுவும் முதலில் வெவ்வேறு சொற்களாக இருந்து ஒலி ஒற்றுமையால் ஒன்றாயின என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் அட்டை மோகம் உச்சத்தில் இருந்தது. 1833இல் பிரான்ஸ் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. நீலகிரியில் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தை உருவாக்கிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அதாவது, இம்மலைக்கு முதலில் வந்த ஆங்கிலேயருக்கும் அட்டை ஒரு மருந்துப் பொருள்தான்.

மருந்துக் கதையின் பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அட்டையின் உமிழ்நீர் குருதியை உறையவிடாமல் தடுக்கிறது என்று 1884இல் ஜான் பெரி ஹேகிராப்ட் காட்டினார். அப்பொருளுக்குப் பின்னர் ஹிருடின் என்று பெயர் வந்தது. இதய நோயாளிகளுக்கு இன்று தரப்படும் பைவாலிருடின் அதன் வழியில் செய்யப்பட்ட மருந்து. 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அட்டையை மருத்துவச் சாதனமாக விற்க அனுமதித்தது. அறுந்த விரலையோ காதையோ மீண்டும் தைத்த பின் அங்கே தேங்கும் குருதியை வெளியேற்ற அறுவை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

மலை அட்டை: காயம்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் அட்டைக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதில் வருவது இந்தியக் கால்நடை அட்டை, ஹிருடினேரியா கிரானுலோசா. குளம் குட்டைகளில் வாழும், 33 கண்டங்கள், மூன்று தாடைகள். பந்தலூர் மாணவர் இதைப் படித்துவிட்டு வெளியே வந்தால் அவர் காலில் ஏறுவது வேறோர் அட்டை. அது ஹீமடிப்சா என்னும் பேரினத்தைச் சேர்ந்த நிலவாழ் அட்டை. நீருக்குள் வாழ்வதில்லை, ஈரமான சருகிலும் புல்லிலும் இருக்கும். நூல் அளவே இருக்கும். குடித்த பின் திராட்சை போல உப்பும். கோடையில் மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் முடங்கிக் கிடந்து, முதல் நல்ல மழைக்கு வெளியே வரும். ஆள் வரும் அதிர்வையும் வெப்பத்தையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து, பின் உறிஞ்சியை ஊன்றித் தலையை நீட்டித் துழாவும். அது கடிப்பது தெரியாது. தெரிவதெல்லாம் சாக்ஸ் நனைந்த பிறகுதான். அது விழுந்த பின்னும் ஹிருடின் போன்ற பொருள்களால் குருதி நெடுநேரம் கசியும், அரிப்பு நாள்கணக்கில் நிற்கும், சொறிந்தால் புண்ணாகும். இந்திய அட்டைகளை முறையாகத் தொகுத்த ஹார்டிங், மூர் ஆகியோரின் நூல் 1927இல் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் வெளிவந்தது.

இந்த நில அட்டையைப் பற்றிய பழைய பதிவுகளில் சில கடலுக்கு அப்பால் இலங்கை மலையிலிருந்து கிடைக்கின்றன. நீலகிரியின் அட்டைக் கதையும் பின்னால் அங்கேயே போய்ச் சேர்வதால் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. 1344இல் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு சிவனொளிபாத மலைக்குச் சென்ற இபின் பதூதா, வழியில் மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர் மேல் பாயும் அட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றின் மேல் பிழிய மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்களாம். அட்டை பாயுமா என்று விலங்கியலாளர் நெடுங்காலம் நம்பவில்லை. மடகாஸ்கரில் எடுக்கப்பட்டு 2024இல் வெளியான காணொளிகளில் ஒரு நில அட்டை இலையிலிருந்து உடலைச் சுருட்டித் தாவுவது பதிவாயிற்று. தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், எலுமிச்சையையும் உப்பையும் துணியில் கட்டிக் கோல் நுனியில் முடிந்து காலில் ஒற்றிக்கொண்டே நடக்கும் வழக்கத்தைச் சொல்கிறார். அந்த உப்பு முடிச்சு இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்டு. எமர்சன் டெனன்ட் சொல்வது கடுமையானது. 1818இல் கண்டிக் கிளர்ச்சியை அடக்கச் சென்ற படையில், சென்னைச் சிப்பாய்களும் உடன் சென்ற கூலிகளும் அட்டைக்கடியால் பெரிதும் துன்புற்றுப் பலர் மாண்டனர் என்கிறார். காப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியால் 'அட்டை உறை' தைத்துக் காலில் அணிந்ததையும் அவரே பதிவு செய்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த நூறாண்டின் படம் கிடைத்துவிடும். துரைக்குக் கால் உறை. கூலிக்கு வெறுங்கால்.

நீலகிரியில் தேயிலைச் சோதனைகள் 1830களில் கேத்திப் பண்ணையில் தொடங்கின. வணிகத் தோட்டங்கள் 1850களின் இறுதியிலும் 1860களிலும் எழுந்தன. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மேற்குச் சரிவிலுள்ள நடுவட்டம், தேவாலா, சேரம்பாடி ஆகியவை தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்குபவை. அட்டையின் ராச்சியம் முக்கியமாக இந்த மேற்குப் பக்கம். காப்பி, சிங்கோனா, 1880ஐ ஒட்டிய வயநாட்டுத் தங்க வேட்டை எல்லாம் வந்து போன பின் தேயிலை நிலைத்தது.

தேயிலையின் பருவமும் அட்டையின் பருவமும் ஒன்று. மழை பெய்தால்தான் கொழுந்து துளிர்க்கும். மழை பெய்தால்தான் அட்டையும் வரும். கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் பெண்கள். இரண்டு கையும் இலையில் இருக்கும். இடுப்பளவு செடிக்குள் நிற்கும் காலைப் பார்க்கவும் முடியாது. நின்று அட்டையைப் பிடுங்கினால் எடை குறையும். எடை குறைந்தால் கூலியில் தெரியும். ஆகவே உப்பு, சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, சவர்க்காரம், மூக்குப்பொடி என்று எதையாவது காலில் தடவிக்கொண்டு, கடித்ததைக் கடித்தபடி விட்டு, மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்வது வழக்கம். சுசுருதர் அரசருக்கும் மெல்லுடலினருக்கும் விதித்த மென்மையான சிகிச்சையை இம்மலையில் தினமும் பெற்றவர்கள் இவர்களே.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்திய தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பெரிய படி. வீடு, மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம், குடிநீர் எல்லாம் அதன் வழியாகவே கடமையாயின. அதன் 17ஆம் பிரிவு குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றைத் தோட்ட உரிமையாளர் கொடுக்கும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்றது. எதற்காக? மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காப்பதற்காக. அட்டை என்ற பேச்சு அந்தப் பிரிவில் இல்லை. ஒரு தொழிலில் ஆயிரக்கணக்கான பேர் ஆண்டில் பல மாதம் நாள்தோறும் குருதி சிந்துவதை அந்தப் பிரிவு தொழில் இடராக எண்ணவில்லை. உயிரைப் பறிக்கும் நோயை அது பரப்பியிருந்தால் ஒருவேளை எண்ணியிருக்கும். மலேரியாவைப் பரப்பிய கொசுவுக்கு எதிராகத் தோட்டங்கள் செலவு செய்தன; கொல்லாத அட்டைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

அண்மையில் அட்டைக்கு எதிர்பாராத ஒரு வேலையும் கிடைத்தது. குடித்த குருதியிலுள்ள மரபணுத் தடயம் அதன் வயிற்றில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். 2012இல் வியட்நாம் காட்டு அட்டைகளை ஆராய்ந்தவர்கள், மனிதர் கண்ணில் அரிதாகவே படும் வரிமுயலும் ஒரு வகைக் கேளையாடும் அங்கே வாழ்வதை அந்த அட்டைகளின் வயிற்றைக் கொண்டே உறுதி செய்தனர். காட்டுயிர்க் கணக்கெடுப்பில் இம்முறை இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது.

வசையாக ஆனது

'அட்டை போல ஒட்டிக்கொள்வது', 'அட்டை போல உறிஞ்சுவது' ஆகிய இரண்டும் தமிழ்ப் பேச்சில் பழகிய உவமைகள். முதலாவதில் எரிச்சல் மட்டும் இருக்கும். அழையாமல் வந்து கிளம்பாத உறவினரைப் பற்றிச் சொல்வது. இரண்டாவதில் கோபம் இருக்கும். கந்துவட்டிக்காரரைப் பற்றிச் சொல்வது. இணையக் கோப்புப் பகிர்வில் பிறர் தருவதை இறக்கிக்கொண்டு தான் எதையும் தராதவரை 'லீச்சர்' என்பதும் இந்த வழியில் வந்ததே.

தோட்டத்தில் இந்த உவமைக்குக் கங்காணி என்ற முகம் கிடைத்தது. சேலம், கோயம்புத்தூர் முதலிய சமவெளி மாவட்டங்களிலிருந்து முன்பணம் கொடுத்துக் குடும்பங்களை மலைக்கு அழைத்து வந்தவர் அவர். முன்பணம் கடனாக எழுதப்பட்டது. கூலியில் பிடித்தம், கங்காணிக்குத் தலைக்காசு, கடைக் கணக்கு எனக் கடன் அடையாமலே நின்றது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் வெளியிட்ட 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவல் இம்முறையின் உள்ளே புகுந்து பார்த்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' (2013) திரைப்படமும் அதிலிருந்து எழுந்ததே. அது ஆனைமலைக் கதையானாலும் முறை நீலகிரிக்கும் பொருந்தும்.

கங்காணியை அட்டை என்பது அட்டைக்கு நியாயம் செய்வதாகாது. வயிறு நிரம்பியதும் அட்டை தானே கழன்று விழும். அடுத்த வேளை உணவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும். கங்காணியின் கணக்கு தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது.

குடும்ப அட்டை

நீலகிரியின் இன்றைய தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் ஏற்கெனவே ஒருமுறை அட்டைக்கடி பட்டு வந்தவர்களின் வழியினர். இலங்கையின் மலையகத்தில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் சென்ற தமிழர்களை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் மண்டபம் முகாமில் பெற்ற முதன்மை ஆவணத்தின் பெயர் குடும்ப அட்டை. யார் யார் ஒரு குடும்பம், என்ன உதவி, எங்கே குடியமர்த்தல் என்பதற்கெல்லாம் அதுவே ஆதாரம். அதைத் தொலைத்தவர் மறுவாழ்வுத் திட்டத்தில் பெயரற்றவர். தேயிலைத் தொழில் தெரிந்த இவர்களுக்காக நீலகிரியில் வனத்துறையின் கீழ் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. டான்டீ என்று மக்கள் சொல்வது அதைத்தான். நடுவட்டம், பாண்டியார், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் என அதன் தோட்டங்களில் பல அமைந்தது மேற்குச் சரிவில், அதாவது அட்டையின் நாட்டில். கடல் தாண்டி வந்த பெண் இறங்கிய இடத்திலும் அதே செடி, அதே மழை, காலில் அதே புழு. மாறியது கையில் இருந்த அட்டை ஒன்றுதான்.

டான்டீயில் இடம் கிடைக்காத பலர் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் தனியார் தோட்டங்களில் கூலிகளாயினர். சிலர் கிடைத்த நிலத்தில் குடிசை போட்டனர். அந்த நிலத்தில் பெரும் பகுதி 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கியது. (இரண்டு சட்டங்களிலும் 17ஆம் பிரிவே இம்மக்களைத் தொட்டது தற்செயல்.) உரிமை முடிவாகாத நிலத்துக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாத பல வீடுகளுக்கு மின் இணைப்பும் எளிதில் வரவில்லை. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன பிள்ளைகளிடம் தாத்தா எந்த ஊர் என்று அலுவலகங்கள் கேட்டன. அந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் பழைய குடும்ப அட்டைதான் விடை.

தமிழ்நாட்டில் நியாய விலைக் கடைச் சீட்டுக்கும் குடும்ப அட்டை என்றே பெயர் என்பதால், தாயகம் திரும்பியோர் வீட்டில் இரண்டு குடும்ப அட்டைகள் இருக்கும். ஒன்று அரிசிக்கு. மற்றது அவர்கள் யார் என்பதற்கு. 2017இல் அரிசி அட்டை கையடக்க மின்னணு அட்டையாக மாறியது. மண்டபத்தில் வாங்கியது மாறவில்லை. மடிப்புகளில் கிழிந்துவிடாதபடி பாலித்தீன் உறைக்குள் போட்டு, தகரப்பெட்டியில் துணிகளுக்கு நடுவே, மழை ஈரம் படாத இடத்தில் வைக்கிறார்கள்.